எசப்பாட்டுக்கு இடம் விட்டுப் பேசுவது

எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நாளில் விடுப்பு வந்ததே கிடையாது. நான் அப்போது சென்னையில் ஒரு தனியார் எஃப்.எம்.மில் இரவு நிகழ்ச்சியின் தயாரிப்பாளர். எனக்கு வார விடுப்பு செவ்வாய்க்கிழமை. என் கல்லூரித் தோழி ஒரு யூடியூப் சேனலில் வீடியோ எடிட்டர். வெள்ளிக்கிழமை புதுப்படம் வரும் என்பதால் வியாழன் இரவு அவளுக்குத் தூக்கம் இருக்காது. மூன்றாமவன் வியாசர்பாடிக்காரன், ராப்புக்கு அடியில் ஓடும் தாள இசையான பீட் போடுவான், ராப் எழுதுவான், முகூர்த்த நாட்களில் கல்யாண வரவேற்புகளுக்கு டிஜே. இருவரையும் இங்கே எடிட்டர், பீட்டு என்றே எழுதுகிறேன். ஏன் பெயரைச் சொல்லவில்லை என்பது போகப் போகத் தெரியும்.

ஞாயிறு இரவு பதினொன்றுக்கு மேல் பெரம்பூரில் எடிட்டர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். வரும் வழியில் யாராவது பரோட்டா வாங்கி வருவோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் மூன்று இடத்துக்குத்தான் போய்ச் சேரும்: ராப், காதல், வேலை.

ராப் பிறந்த ஹிப்ஹாப் கலாச்சாரத்தின் கதையைப் பீட்டு சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. சிண்டி கேம்பெல் என்ற பெண்ணுக்குப் பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்கக் காசு வேண்டும். குடியிருப்பின் பொது அறையில் ஒரு பார்ட்டி வைக்கிறாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். பாட்டுப் போடுவது ஜமைக்காவில் பிறந்த அவள் அண்ணன் கூல் ஹெர்க். பாடகர் நிறுத்தி, டிரம்ஸ் மட்டும் ஒலிக்கிற சில நொடிகளுக்காகத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்திருந்தார். அதனால் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை, தட்டைச் சுழற்றும் இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்று முடிய மற்றதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அந்தச் சில நொடிகளை நிமிடக் கணக்கில் நீட்டினார். அந்த இடைவெளியில்தான் ஆட்டமும் வந்தது, மைக்கில் பேசுவதும் வந்தது.

“தங்கச்சிக்கு ஸ்கூல் துணி எடுக்கணும்னு ஆரம்பிச்சது மச்சி இதெல்லாம். செயினும் காரும் ரொம்ப அப்புறம்” என்பான் பீட்டு.

பிராங்க்ஸின் நடுவே அதிவேகச் சாலை போட்டுக் குடியிருப்புகளைப் பிளந்த கதையையும் அவன் தன் தெருக் கதை போலத்தான் சொல்வான். கூவம் கரையில் இருந்த அவன் பெரியம்மா வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பெரியம்மா வேலைக்குப் போன வீடுகள் எல்லாம் இந்தப் பக்கம், அவர் தூங்குவது 20 கிலோமீட்டருக்கும் அப்பால். வட சென்னையில் சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுவார்கள். செத்தவரின் வாழ்க்கையை அந்த இடத்திலேயே கோத்துக் கட்டிப் பாடுகிற மரண கானாவைக் கேட்டு வளர்ந்தவனுக்கு ராப் வெளிநாட்டுச் சரக்காகத் தெரியவே இல்லை. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில், சாதிக்கு எதிராகப் பாடும் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல் முறையாக மேடையேறியபோது மூவரும் கூட்டத்தில் இருந்தோம். கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. பீட்டு அன்று திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் அவன் கொண்டுவந்த பாட்டில்தான் முதல் முறையாக அவன் தெரு இருந்தது.

எனக்கு வேலையில் இருந்த பெரிய வருத்தம் இதுதான்: இப்படிப்பட்ட பாட்டுக்கு வானொலியில் இடமில்லை. எங்கள் பட்டியல் முழுக்க சினிமாப் பாட்டு. யோகி பி - நட்சத்திரா குழு மலேசியாவிலிருந்து 2006லேயே முழுத் தமிழ் ராப் தொகுப்பு கொண்டுவந்துவிட்டது. அதற்கு 12 வருடம் கழித்தும், படத்தில் வராத ஒரு ராப் பாட்டை ஒலிபரப்ப நான் மூன்று பேரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. “நாமே ஏதாவது செய்யலாம்” என்று எடிட்டர் சொன்னது அப்போதுதான். மாடியில் பேசுவதையே பதிவு செய்து வாரம் ஒருமுறை இணையத்தில் கேட்கிற பாட்காஸ்டாகப் போட்டோம்.

முதல் நான்கு பதிவுகளைக் கேட்கவே முடியவில்லை. இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்காக நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மொட்டை மாடி பேசுவதற்குத்தான் நல்ல இடம், பதிவுக்கு இல்லை. துணி அலமாரி இருக்கிற சின்ன அறைக்கு மாறினோம். கதவைத் திறந்து வைத்த பீரோ முன்னால் உட்கார்ந்து, பின்னால் இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டதும் எதிரொலி பாதிக்கு மேல் போய்விட்டது. மின்விசிறியை நிறுத்தியே ஆகவேண்டும். மே மாதத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு இடைவேளை. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாக இருந்தால் ‘ப’ சொல்லும்போது காற்று போய் மோதாது. செலவானாலும் ஆளுக்கு ஒரு மைக், ஆளுக்கு ஒரு டிராக், அதாவது தனி ஒலிப்பதிவு, வையுங்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் இருமினால் அப்புறம் பிரிக்க முடியும். தொடங்கும் முன் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் சத்தத்தை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் அதைத்தான் நிரப்ப வேண்டியிருக்கும். பெரம்பூரில் எந்த நேரத்தில் ரயில் போகும் என்று எங்களுக்கு மனப்பாடம் ஆனது.

பீட்டுவுக்கு வேறு ஒரு அடி விழுந்தது. அவனுடைய முதல் பாட்டை இணையத்தில் வாடகைக்கு எடுத்த பீட்டின் மேல் செய்திருந்தான். அதே பீட்டை இன்னும் பல பேர் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அதில் ஒருவர் தன் பாட்டின் உரிமையை முதலில் பதிவு செய்துவிட, பீட்டுவின் பாட்டு வந்ததும் உரிமைக் கோரிக்கை வந்து, வந்த சொற்ப வருமானமும் வேறு கைக்குப் போனது. வாடகை உரிமத்தில் எத்தனை முறை ஒலிக்கலாம், யாருக்கு எதில் பங்கு என்பதையெல்லாம் பணம் கட்டும் முன் படிக்க வேண்டும். நண்பர்களுக்குள் என்றாலும் பாட்டு முடிந்த அன்றே யார் வரி, யார் இசை, எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அன்றைக்கு எழுதுவது எளிது. பாட்டு ஓடிய பிறகு அதே தாளை நீட்டினால் நட்பு கசக்கும்.

இதெல்லாம் கைக்கு வந்துவிடுகிற விஷயங்கள். எனக்குக் கடினமாக இருந்தது காதலைப் பற்றிப் பேசுவது.

சென்னையில் எங்கள் வயதுக்காரர்கள் டேட்டிங் என்ற சொல்லைக் குறைவாகத்தான் பயன்படுத்துகிறோம். “பேசிட்டிருக்கோம்” என்போம். இன்னும் காதல் என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஆனால் தினமும் இரவு போனில் இருக்கிறோம் என்றால் அது ‘பேசிட்டிருக்கோம்’. ஊடக வேலையில் இருப்பவர்களுக்கு அந்தப் பேச்சுக்குத்தான் நேரமே இருக்காது. எல்லோருக்கும் தீபாவளி என்றால் எங்களுக்கு அது சிறப்பு நிகழ்ச்சி. நான் அலுவலகம் விட்டு வரும்போது அடுத்தவர் தூங்கியிருப்பார். நான் எழும்போது அவர் கூட்டத்தில் இருப்பார். மூன்று வருடம் நானும் ஒருவரும் அப்படித்தான் இருந்தோம். அவர் மென்பொருள் வேலை, சனி ஞாயிறு விடுமுறை. நான் செவ்வாய். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் படிகளில் சந்தித்த நேரம் எல்லாம் சேர்த்தால் ஒரு வாரம் வருமா என்று தெரியவில்லை. ஒருநாள் அவர் வீட்டில் பேச்சு எழுந்தது. சாதி வந்தது. அவரால் நிற்க முடியவில்லை. முடிந்துவிட்டது.

எட்டு மாதம் கழித்து, எங்கள் பதினோராவது பதிவில், அதை நான் முழுக்கச் சொன்னேன்.

அன்று தலைப்பே ‘ராப்பில் ஏன் இத்தனை காதல் தோல்வி’ என்பதுதான். தன் கதையைத் தன் வாயால் சொல்வதுதானே ஹிப்ஹாப், மறைக்காமல் சொல்வோம் என்று எனக்குள் ஒரு வேகம். அவர் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் நூலகப் படி, அவர் வேலை செய்த சாலை, அவருடைய சொந்த ஊர்ப்பக்கம், அவர் அம்மா போனில் சொன்ன ஒரு வாக்கியம், எல்லாம் சொன்னேன். அழுதேன். எடிட்டர் மறுநாள் அதிலிருந்து 40 நொடியை வெட்டித் தனி வீடியோவாகப் போட்டாள். தொழில் தெரிந்தவள், எந்த இடத்தில் வெட்டினால் ஆள் நின்று கேட்பான் என்று அவள் கைக்குத் தெரியும். அந்த இடம் அவர் அம்மாவின் வாக்கியம். அதுவரை நாங்கள் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

மூன்றாவது நாள் அவர் அழைத்தார். கத்தவில்லை. “நீ சொன்னதுல ஒண்ணும் பொய் இல்ல. ஆனா என் சித்தப்பா பையன் ஊர்ல இருந்து எனக்கே அனுப்பி, இது நீதானேன்னு கேக்குறான். அம்மாவுக்கும் யாரோ போட்டுக் காட்டிட்டாங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நான் இதுக்கு எங்க போய்ப் பதில் சொல்றது?” என்று கேட்டார்.

காதலித்ததற்காக ஆளைக் கொல்கிற மாநிலத்தில் இருந்துகொண்டு, ஒருவருடைய ஊரையும் வீட்டுச் சண்டையையும் நான் ஊருக்கே சொல்லியிருந்தேன். அதற்கு மேல் அன்று என்னால் எதையும் யோசிக்க முடியவில்லை.

இதில் என்னை அதிகம் உறுத்தியது, எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை என்பதுதான். தனியார் எஃப்.எம்.கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப இந்தியாவில் அனுமதி கிடையாது. அதனால் இரவு நிகழ்ச்சிகளில் பேசுவதற்கு மிச்சம் இருப்பது சினிமாவும் மனித வாழ்க்கையும். நேயர்களிடம் காதல் கதை கேட்டு வாங்குவது என் தொழிலாகவே இருந்தது. வருகிற அழைப்பை நாங்கள் நேரலையில் விடமாட்டோம். முதலில் பதிவு செய்வோம். பெயரை மாற்றச் சொல்வோம். ஊர், கல்லூரி, தெரு வந்தால் நான்தான் வெட்டுவேன். “அக்கா, அவ பேரைச் சொல்லணும்க்கா” என்று கெஞ்சிய பையன்களிடம் எத்தனை முறை மறுத்திருக்கிறேன். முகம் தெரியாத ஆயிரம் பேரின் காதலிகளுக்குக் கொடுத்த பாதுகாப்பை, மூன்று வருடம் என்னோடு இருந்தவருக்கு நான் கொடுக்கவில்லை.

அன்று இரவே பதிவை நீக்கினோம். அந்தச் சின்ன வீடியோ அதற்குள் வாட்ஸப்பில் போய்விட்டது. பாட்காஸ்ட் செயலிகளில் ஏற்கெனவே தரவிறக்கியவர்களின் போனிலும் அது அப்படியே இருக்கும். நீக்குவது என்பது புதிதாக யாரும் கேட்காமல் தடுப்பது மட்டும்தான். வெளியே போனதைத் திரும்பப் பெறுகிற வழி எதுவும் இல்லை.

அடுத்த ஞாயிறு மாடியில் யாரும் சாப்பிடவில்லை. பீட்டு ஒரு கதை சொன்னான். 1984ல் நியூயார்க்கில் யூ.டி.எஃப்.ஓ. என்ற குழு ஒரு பாட்டு வெளியிட்டது. ராக்ஸேன் என்ற பெண்ணிடம் ஒவ்வொருவராகப் போய் வழிகிறார்கள், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவளுக்கு எவ்வளவு திமிர் என்று பாட்டு. பாட்டில் அவள் குரலே கிடையாது. குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பைச் சேர்ந்த 14 வயதுப் பெண் ஒருத்தி, அங்கேயே வசித்த மார்லி மார்ல் என்ற இசையமைப்பாளரின் வீட்டில், நான்தான் அந்த ராக்ஸேன் என்று பதில் பாட்டைப் பதிவு செய்தாள். ராக்ஸேன் ஷான்டே என்ற பெயர் ஊரெங்கும் பரவியது. அதன்பின் ராக்ஸேனுக்கு அப்பா, அம்மா எனச் சொல்லிக்கொண்டு ஆளாளுக்குப் பாட்டு விட்டார்கள்.

“எசப்பாட்டு மாதிரி” என்றாள் எடிட்டர். அவள் பாட்டி ஊரில் நடவு வயலில் ஒரு வரிசை பாட, எதிர் வரிசை பதில் பாடும்.

“அதேதான். ராப்ல ஒருத்தன் உன்னைப் பத்திப் பாடுனா நீயும் மைக் எடுக்கலாம். அதான் இதுல நியாயம். ஆனா அவர்கிட்ட மைக் இல்லையே மச்சி” என்றான் பீட்டு.

அவருக்கு எங்கள் மைக்கைக் கொடுக்கலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்றார். அதுவும் அவர் உரிமை.

என் அம்மா அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். என்ன நடந்தது என்று அவரிடம் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, தொல்காப்பியத்தில் அகத்திணைக்கு ஒரு விதி இருக்கிறது என்றார். காதலைப் பாடும்போது “சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்”. யாரையும் பெயர் சுட்டிப் பாடக்கூடாது. புறப்பாட்டில் மன்னன் பெயர், ஊர், போர் எல்லாம் வரும். அகப்பாட்டில் தலைவன், தலைவி, தோழி, செவிலி அவ்வளவுதான். பள்ளியில் இதைப் படித்து மதிப்பெண் வாங்கியவள் நான். அது ஏதோ இலக்கணக் கட்டுப்பாடு என்றே நினைத்திருந்தேன். அன்றுதான் அது மனிதர்களுக்காகவும் போட்ட வேலி என்று தோன்றியது. இது என் வாசிப்பு. புலவர்கள் வேறு காரணம் சொல்லலாம். ஆனால் குறுந்தொகையில் பெயரில்லாத ஒருத்தியின் வலி இத்தனை நூற்றாண்டு கழித்தும் நம் நெஞ்சில் வந்து உட்காருகிறது. அதற்கு அவள் தெருப் பெயர் தேவைப்படவில்லை.

இரண்டு மாதம் நிறுத்திவிட்டுத்தான் மறுபடி தொடங்கினோம். இப்போது நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். காதல், குடும்பம், முன்னாள் காதல் எதைப் பற்றிப் பேசினாலும் பதிவு முடிந்ததும் அன்றே வெளியிட மாட்டோம். குறைந்தது ஒரு வாரம் கிடப்பில் இருக்கும். அழுது பேசிய பேச்சை அழுகை நின்ற பிறகு நாமே ஒருமுறை கேட்க வேண்டும். நான் கேட்டபோது பாதி இடங்களில் நான் பேசியது என் வலியே இல்லை, அவர் மேல் இருந்த கோபம். பேச்சில் வரும் ஆளை அவருடைய தெருக்காரர் ஒருவர் அடையாளம் காண முடியுமா என்று மூவரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பெயரை மட்டும் எடுத்தால் போதாது. ஊர், வேலை, சந்தித்த இடம், ஒருவருக்கே உரிய ஒரு வாக்கியம், இவைதான் ஆளைக் காட்டிக் கொடுக்கும். பேசப்படுகிறவரைத் தொடர்பு கொள்ள முடியும் என்றால் அந்தப் பகுதியை அனுப்பிக் கேட்போம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் கேட்க மாட்டோம். ஒரு விதிவிலக்கு உண்டு. வன்முறை, மிரட்டல், ஏமாற்றுதல் என்று ஒரு பெண் சொல்ல வரும்போது, அந்த ஆளிடம் அனுமதி வாங்கு என்று நாங்கள் சொல்லமாட்டோம். அங்கே வக்கீலிடம் கேட்டுவிட்டு முடிவெடுப்போம். அவள் அடையாளத்தைக் காப்பதுதான் எங்கள் வேலை.

விருந்தினர்களாக வருகிற ராப் பாடகர்களிடம் பதிவுக்கு முன்பே சொல்லிவிடுகிறோம்: வீட்டுக்குப் போய் மனம் மாறினால் மூன்று நாளுக்குள் சொல்லுங்கள், எடுத்துவிடுவோம். ஊடகத்தில் இருக்கும் பலர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்கு இதுவரை கெட்டது ஒன்றும் நடக்கவில்லை. எடுத்துவிடலாம் என்று தெரிந்தவர்கள்தான் தைரியமாகப் பேசுகிறார்கள். எடிட்டரும் சின்ன வீடியோக்களை வெட்டும் முறையை மாற்றினாள். முன்னாலும் பின்னாலும் இருக்கும் பேச்சு இல்லாமல் தனியே நின்றால் அர்த்தம் மாறிவிடுகிற இடத்தை, எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், அவள் தொடுவதில்லை. பார்வைகள் குறைந்தன. அது உண்மை. அவளுக்கு அதில் வருத்தமும் இருந்தது.

அவரை நான் அப்புறம் ஒருமுறைதான் சந்தித்தேன். அதைப் பற்றி எழுத அவரிடம் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. இங்கே எழுதியிருக்கும் வரை அவர் படித்துவிட்டு, இரண்டு இடங்களை மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டேன்.

பீட்டு இப்போது ஒரு பெண்ணோடு ‘பேசிட்டிருக்கிறான்’. அவளைப் பற்றி ஒரு பாட்டு எழுதினான். அவன் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். ஒரு பேருந்தின் எண்ணைச் சொல்லி, அவள் அதில் ஏறுவதில் தொடங்கும். பதிவு செய்யும் முன் வரிகளை அவளுக்கு அனுப்பினான். “பஸ் நம்பரை எடுத்துடு. எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும் நான் அதுலதான் போவேன்னு” என்று பதில் வந்தது. அந்த எண்ணின் ஓசையில்தான் அடுத்த நான்கு வரிகளின் இயைபும் நின்றது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு, முழுச் சரணத்தையும் கலைத்துத் திரும்பக் கட்டினான்.

மாற்றியதை அனுப்பியபோது அவள் கேட்டாள், “இரண்டாவது சரணம் நான் எழுதவா?”

அவளுக்கு ராப் பழக்கமில்லை. கல்லூரியில் கவிதை எழுதியிருக்கிறாள். போன வாரம் பீட்டு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினான். முதல் சரணம் முடிந்ததும் அவன் குரல் நிற்கிறது. அதற்கப்புறம் பதினாறு பாருக்கு, அதாவது ஒரு சரணம் அளவுக்கு, டிரம்ஸ் மட்டும் ஓடுகிறது.